காந்தத்தைக் கிளறிப் பார்க்கும் கணக்குகள்

செங்கல்பட்டு மாவட்டக் கடலோரத்தில், மாமல்லபுரத்திற்குத் தெற்கே கல்பாக்கத்தில் உள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் வேக ஈனுலைகளுக்காகவே பெரிதும் அறியப்பட்டாலும், அங்கு 1985 அக்டோபரில் இயங்கத் தொடங்கிய வேக ஈனுலைச் சோதனை உலையிலும், 1996-இல் இயங்கத் தொடங்கிய காமினி என்னும் சிற்றுலையிலும் பிறக்கும் நியூட்ரான் என்ற துகளுக்கு, மின்னுற்பத்தியோடு தொடர்பே இல்லாத வேறொரு பெருமையும் உண்டு. மின்னூட்டம் இல்லாததால் பெரும்பாலான பொருள்களுக்குள் ஆழமாகப் புகக்கூடிய நியூட்ரான், அதே சமயத்தில் தானும் ஒரு நுண்ணிய காந்தமாக இருப்பதால், பொருளின் உள்ளே அணுக்கள் தாங்கியிருக்கும் காந்தத் தன்மையை நேரடியாகத் தொட்டு அறியும் ஆற்றல் பெற்றது. அறை வெப்பநிலைக்கு வேகம் தணிக்கப்பட்ட நியூட்ரானின் அலைநீளம் ஏறத்தாழ 1.8 ஆங்ஸ்ட்ராம், படிகத்தில் அடுத்தடுத்த அணுக்களுக்கு இடையே உள்ள தொலைவும் அதே அளவுதான். அதன் ஆற்றல் சுமார் 25 மில்லி எலக்ட்ரான் வோல்ட். காந்தப் பொருள்கள் பலவற்றின் உள்ளே ஒரு சிறு கலக்கத்தை உண்டாக்கத் தேவைப்படும் ஆற்றலும் ஏறக்குறைய அதே அளவினது. தொலைவு, ஆற்றல் ஆகிய இரண்டும் இவ்வாறு ஒருசேரப் பொருந்தி வருவது இயற்கை ஆய்வாளருக்கு அளித்த அரிய வாய்ப்பு என்றே சொல்ல வேண்டும்.

ஆனால் நியூட்ரானைப் பாய்ச்சி அளவெடுப்பது பாதி வேலைதான். சிதறி வெளிவரும் நியூட்ரான் எவ்வளவு ஆற்றலை உள்ளே விட்டுவிட்டு வந்தது, எந்தத் திசையில் எவ்வளவு உந்தத்தை இழந்தது என்ற எண்களை மட்டுமே கருவி தரும். அந்த ஆற்றலை உள்ளே வாங்கிக்கொண்டது எது என்பதைக் கருவி சொல்லாது. அதைச் சொல்ல வேண்டியது கோட்பாடு. அந்தக் கோட்பாட்டின் மிக நேர்த்தியான ஒரு பகுதி, பழைய மாமல்லபுரம் சாலையின் வடமுனைக்கு அருகே தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் 2007-இல் உருவானது என்பது தமிழ்நாட்டில் போதிய அளவு அறியப்படாத செய்தி. அல்லாடி ராமகிருஷ்ணனின் முயற்சியால் 1962-இல் தொடங்கப்பட்ட அந்த நிறுவனத்தில் உலையோ ஆய்வுக்கூடமோ கிடையாது. காகிதமும் கரும்பலகையும் கணினியுமே அங்குள்ள கருவிகள்.

எலக்ட்ரான் ஒவ்வொன்றும் தற்சுழற்சி என்னும் உள்ளார்ந்த பண்பை உடையது. அப்பண்பினால் அது ஒரு சிறிய காந்த ஊசியைப் போல நடந்துகொள்கிறது. குவாண்டம் விதிப்படி எலக்ட்ரானின் தற்சுழற்சியின் அளவு அரை. எந்த அச்சில் அளந்தாலும் மேல், கீழ் என்ற இரண்டு விடைகளில் ஒன்றுதான் கிடைக்கும். அண்டை அணுக்களின் தற்சுழற்சிகள் ஒன்றையொன்று பாதிக்கின்றன. ஒரே திசையில் நிற்க விரும்பினால் அப்பொருள் ஃபெர்ரோகாந்தம் எனப்படும், எதிரெதிர்த் திசையில் நிற்க விரும்பினால் எதிர்ஃபெர்ரோகாந்தம் எனப்படும். வெப்பத்தின் சலசலப்பு முற்றிலும் அடங்கிய மிகக் குறைந்த வெப்பநிலையில் தற்சுழற்சிகள் எல்லாம் சேர்ந்து அடையும் நிலைக்கு அடிநிலை என்று பெயர். அதிலிருந்து சற்றே கலைத்தால் தோன்றும் உயர் ஆற்றல் நிலைகளே கிளர்வுகள். ஒரு காந்தத்தின் வெப்ப ஏற்புத் திறன், வெளிக் காந்தப் புலத்திற்கு அது இணங்கும் விதம், வெப்பத்தைக் கடத்தும் விதம் ஆகிய யாவும் இந்தக் கிளர்வுகளாலேயே தீர்மானிக்கப்படுவதால், அடிநிலையைக் காட்டிலும் கிளர்வுகளை அறிவதே ஆய்வாளருக்கு முதன்மையான வேலையாகிறது.

இவ்வேலைக்கான முதல் முறையை 1930-இல் ஃபெலிக்ஸ் பிளாக் வகுத்தார். எல்லா ஊசிகளும் மேல்நோக்கி நிற்கும் ஃபெர்ரோகாந்தத்தில் ஒன்றை மட்டும் கீழ்நோக்கித் திருப்பினால், அந்தத் திருப்பம் ஓரிடத்திலேயே தங்காமல் படிகம் முழுவதும் அலையாகப் பரவுகிறது. இந்தத் தற்சுழற்சி அலையின் ஆற்றலும் குவாண்டம் விதிப்படி தனித்தனிப் பொட்டலங்களாகவே இருக்கும். ஒரு பொட்டலத்திற்கு மேக்னான் என்று பெயர். 1940-இல் ஹோல்ஸ்டீன், பிரிமகோஃப் ஆகிய இருவரும் தற்சுழற்சிகளின் சிக்கலான இயற்கணிதத்தை எளிய அலைகளின் இயற்கணிதமாக மாற்றும் வழியைக் கண்டனர். 1952-இல் ஃபிலிப் ஆண்டர்சனும் ரியோகோ குபோவும் அதை எதிர்ஃபெர்ரோகாந்தங்களுக்கு விரிவாக்கினர். கனடாவின் சாக் ரிவர் உலையில் பெர்ட்ராம் பிராக்ஹவுஸ் 1950-களில் நியூட்ரான்களைக் கொண்டு மேக்னடைட் கனிமத்தில் மேக்னான்களை அளந்து காட்டியபோது கோட்பாடும் அளவீடும் கைகோத்தன. அவருக்கு 1994-இல் நோபல் பரிசு கிடைத்தது. அவரிடம் பயிற்சி பெற்றுத் திரும்பிய பி. கே. அய்யங்கார் மும்பை டிராம்பேயில் இந்திய நியூட்ரான் சிதறல் ஆய்வுக்கு அடித்தளமிட்டார்.

தற்சுழற்சி அலை முறையின் வலிமை அதன் எளிமையில் உள்ளது. அதன் பலவீனமும் அங்கேதான் உள்ளது. அடிநிலை ஒழுங்காக அணிவகுத்து நிற்கிறது என்று முதலில் எடுத்துக்கொண்டு, கிளர்வு என்பது அந்த அணிவகுப்பில் ஏற்படும் சிறு நடுக்கம் என்றே அம்முறை கணக்கிடுகிறது. மூன்று பரிமாணப் படிகங்களிலும், தற்சுழற்சி அளவு பெரிதாக உள்ள பொருள்களிலும் இந்த எடுகோள் நன்றாகவே செல்லுபடியாகிறது. சதுரக் கட்டங்களாக அமைந்த அரைத் தற்சுழற்சி எதிர்ஃபெர்ரோகாந்தத்தில் குவாண்டம் ஊசலாட்டம் ஒழுங்கின் அளவை 0.5-இலிருந்து ஏறத்தாழ 0.3-ஆகக் குறைத்துவிட்டாலும், அலை முறை அங்கும் தாக்குப்பிடிக்கிறது. தற்சுழற்சிகள் ஒற்றை வரிசையாக, ஒரு சங்கிலியாக மட்டுமே பிணைந்திருக்கும் பொருள்களில்தான் அது உடைகிறது. அது உடைந்த விதம் விரிவாகவே சொல்லத் தக்கது.

அரைத் தற்சுழற்சிச் சங்கிலியின் சமன்பாடுகளுக்கு ஹான்ஸ் பேத்தே 1931-இலேயே முழுமையான தீர்வுமுறையைக் கண்டார். கோடிக்கணக்கான துகள்கள் ஒன்றோடொன்று மோதும்போது, ஒவ்வொரு மோதலையும் இரண்டிரண்டாகப் பிரித்து எழுதிவிட முடியும் என்ற அபூர்வமான கணிதச் சலுகை இந்தச் சங்கிலிக்கு உண்டு. அவருடைய தீர்வு அச்சலுகையையே பயன்படுத்திக்கொண்டது. அதை வைத்து 1962-இல் டே க்ளுவாசோ, பியர்சன் ஆகியோர் எதிர்ஃபெர்ரோகாந்தச் சங்கிலியின் மிகத் தாழ்ந்த கிளர்வுகளின் ஆற்றலைக் கணக்கிட்டனர். அவர்களுக்குக் கிடைத்த வாய்பாடு, தற்சுழற்சி அலை முறை முன்பே தந்திருந்த சைன் வளைகோட்டின் வடிவத்தையே கொண்டிருந்தது. உயரம் மட்டும் பையில் பாதி, அதாவது சுமார் 1.57 மடங்கு கூடியிருந்தது. வடிவம் ஒத்துப்போனதால் இவையும் மேக்னான்களே என்றும், குவாண்டம் திருத்தத்தால் ஆற்றல் சற்றுக் கூடியுள்ளது என்றும் பலரும் கருதியது இயல்பே. 1981-இல் லெனின்கிராடின் ஃபதேயெவ், தக்தஜான் ஆகிய இருவரும் அந்தக் கருத்தைத் தலைகீழாக்கினர்: அந்த வளைகோடு ஒற்றைத் துகளுக்கு உரியதன்று, இரண்டு துகள்கள் சேர்ந்து எடுத்துக்கொள்ளக்கூடிய ஆற்றல்களின் கீழ் எல்லை அது. மேக்னானின் தற்சுழற்சி ஒன்று. இங்கோ அது அரை அரையாகப் பிளந்து, ஸ்பினான் எனப்படும் இரண்டு துகள்களாகத் தனித்தனியே ஓடிவிடுகிறது. ஒரு முறை சரியான எண்ணைத் தருவதும், அந்த எண் எதைக் குறிக்கிறது என்பதைச் சரியாகச் சொல்வதும் முற்றிலும் வேறு வேறானவை என்பதற்கு இயற்பியலில் இதைவிடத் தெளிவான சான்று இருப்பது அரிது.

இந்தப் பிளவு எப்படி நிகழ்கிறது என்பதை எளிதாகப் புரியவைக்கும் மாதிரி இந்தியாவில் பிறந்தது. மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த சஞ்சல் குமார் மஜும்தாரும் தீபன் கோஷும் 1969-இல் ஆராய்ந்த சங்கிலியில், ஒவ்வொரு தற்சுழற்சியும் அண்டையில் உள்ளதோடு மட்டுமன்றி அதற்கு அடுத்ததோடும் பாதி வலிமையில் எதிர்த்து நிற்க விரும்புகிறது. இரண்டு விருப்பங்களையும் ஒருசேர நிறைவேற்ற முடியாத இந்த இக்கட்டில், தற்சுழற்சிகள் இரண்டிரண்டாக இணைந்து, மொத்தத் தற்சுழற்சி சுழியமான சோடிகளாக அடங்கிவிடுவதே மிகத் தாழ்ந்த ஆற்றல் நிலை என்று அவர்கள் காட்டினர். பள்ளியில் வரிசையாக நிற்கும் பிள்ளைகள் இருவர் இருவராகக் கைகோத்திருப்பதாக வைத்துக்கொண்டால், முதல் பிள்ளை இரண்டாவதோடு சேரலாம், அல்லது இரண்டாவது மூன்றாவதோடு சேரலாம். இரண்டு விதமான இணைப்புகளும் சம மதிப்புடையவை. வரிசையின் இடப்பக்கம் ஒரு விதமாகவும் வலப்பக்கம் மற்ற விதமாகவும் இணைந்துவிட்டால், இடையில் ஒரு பிள்ளை துணையின்றி நிற்கும். பக்கத்துச் சோடி கைமாறும்போதெல்லாம் துணையற்ற இடம் இரண்டு எட்டு நகர்ந்துகொண்டே போகும். துணையிழந்த அந்த அரைத் தற்சுழற்சியே இங்கு ஸ்பினான். 1981-இல் பி. ஸ்ரீராம் சாஸ்திரியும் பில் சதர்லாந்தும் இந்தச் சங்கிலியின் கிளர்வுகளை இவ்வாறு இருவகை இணைப்புகளுக்கு இடையே நகரும் எல்லைச் சுவர்களாகவே கொண்டு கணக்கிட்டனர். அதே ஆண்டில் அவ்விருவரும் இரு பரிமாணத்தில் உருவாக்கிய மற்றொரு மாதிரி, சுமார் 18 ஆண்டுகளுக்குப் பின் ஸ்ட்ரான்சியம் தாமிர போரேட் என்ற படிகத்தில் அப்படியே காணப்பட்டது.

ஸ்பினான்கள் இணையாகவே பிறப்பதால் நியூட்ரான் அளவீட்டில் அவற்றின் அடையாளம் தனித்துத் தெரியும். ஒரு நியூட்ரான் தன் தற்சுழற்சியைத் திருப்பிக்கொள்ளும்போது பொருளுக்கு அளிக்கக்கூடிய தற்சுழற்சி ஒன்று. அதை இரண்டு ஸ்பினான்கள் பகிர்ந்துகொள்கின்றன. உந்தத்தையும் ஆற்றலையும் அவை எந்த விகிதத்திலும் பங்கிட்டுக்கொள்ளலாம் என்பதால், மேக்னானுக்குக் கிடைக்கும் கூர்மையான கோட்டுக்குப் பதிலாக, அகன்று விரவிய ஒரு பட்டை கிடைக்கிறது. உழவர்கள் பயிர் நோய்க்குப் பயன்படுத்தும் மயில்துத்தம், அதாவது நீரேறிய தாமிர சல்பேட், இத்தகைய சங்கிலிகளைத் தன்னுள் கொண்ட பொருள். மிகக் குறைந்த வெப்பநிலைக்குக் குளிர்விக்கப்பட்ட அதன் படிகத்தை ஆராய்ந்து 2013-இல் வெளியிடப்பட்ட நியூட்ரான் அளவீடுகள், பேத்தேயின் தீர்விலிருந்து பெறப்பட்ட கணக்கோடு மிக நெருக்கமாகப் பொருந்தின. சிதறலின் மொத்தச் செறிவில் இரண்டு ஸ்பினான்களின் பங்கு சுமார் 73 விழுக்காடு என்றும், நான்கு ஸ்பினான்கள் சேர்ந்து பிறக்கும் நிகழ்வுகளையும் கூட்டினால் 98 விழுக்காடு எட்டப்படுகிறது என்றும் கோட்பாட்டாளர்கள் முன்பே கணித்திருந்தனர். பேத்தேயின் கட்டுரைக்கும் இந்த ஒப்பீட்டிற்கும் இடைப்பட்ட காலம் 82 ஆண்டுகள்.

முழுமையான தீர்வு எல்லா மாதிரிகளுக்கும் வாய்ப்பதில்லை. எஞ்சியவற்றுக்குக் கணினியே துணை. ஆனால் கணினிக்கும் இங்கே பெரிய தடை உண்டு. ஒவ்வொரு தற்சுழற்சிக்கும் இரண்டு நிலைகள் என்பதால், 10 தற்சுழற்சிகளுக்கு 1,024 நிலைகள், 20-க்குப் பத்து லட்சத்துக்கும் மேல், 40-க்கு ஒரு லட்சம் கோடிக்கும் மேல் என்று எண்ணிக்கை பெருகிக்கொண்டே போகிறது. எல்லா நிலைகளையும் நேரடியாகக் கையாளும் முறை 50 தற்சுழற்சிகளை எட்டுவதற்கு முன்பே உலகின் பெரிய கணினிகளையும் திணறடித்துவிடும். எதேச்சை எண்களைக் கொண்டு மாதிரி எடுக்கும் மான்டி கார்லோ முறை, இக்கட்டு நிறைந்த காந்தங்களில் கூட்டல் குறியும் கழித்தல் குறியும் மாறி மாறி வந்து ஒன்றையொன்று அழித்துவிடுவதால் பயனற்றுப்போகிறது. 1992-இல் ஸ்டீவன் ஒயிட் கண்ட அடர்த்தி அணி மறுநெறிப்படுத்தல் முறையே சங்கிலிகளுக்கு உண்மையான விடிவைத் தந்தது: சங்கிலியின் ஒரு பாதி மற்றப் பாதியோடு எவ்வளவு குவாண்டம் பின்னல் கொண்டுள்ளது என்பதைப் பார்த்து, அப்பின்னலில் முக்கியப் பங்கு வகிக்கும் நிலைகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடுவதே அதன் சாரம். தற்சுழற்சி ஒன்று கொண்ட சங்கிலியில் கிளர்வு பிறக்கவே ஒரு குறைந்தபட்ச ஆற்றல் தேவை என்று 1983-இல் ஹால்டேன் துணிந்து சொன்னதைப் பலர் முதலில் ஏற்கத் தயங்கினர்; அந்த ஆற்றல் இடைவெளி, பிணைப்பு வலிமையில் 0.41 பங்கு என்று இம்முறை பல தசம இடங்களுக்குத் துல்லியமாகக் காட்டியது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் எஸ். ராமசேஷா, ஸ்வபன் பதி, திப்திமான் சென் ஆகியோர் 1997-இல் ஒன்றும் அரையுமாக மாறி மாறி அமைந்த தற்சுழற்சிச் சங்கிலிகளின் தாழ் கிளர்வுகளை இதே முறையால் ஆராய்ந்தனர். குவாண்டம் இயல்பு மங்கித் தற்சுழற்சிகளைத் தொடர்ச்சியான ஊடகமாகக் கருதத்தக்க எல்லையில், அவற்றின் இயக்கம் வடிவம் குலையாமல் செல்லும் சாலிட்டான் அலைகளைத் தரவல்லது என்று பிற்காலத்தில் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய மு. லட்சுமணன் 1977-இல் காட்டியதையும் இங்கே நினைவுகூர வேண்டும்.

சங்கிலியில் நிகழும் பிளவு, தளமாகப் பரந்த பொருளிலும் நிகழுமா என்பது நெடுநாள் கேள்வி. சோடி சேர்ந்த தற்சுழற்சிகள் ஒரே அமைப்பில் உறையாமல், எண்ணற்ற இணைப்பு முறைகளின் குவாண்டம் கலவையாகவே நிலைத்திருக்கும் திரவம் போன்ற நிலை ஒன்று இருக்கலாம் என்று 1973-இல் ஆண்டர்சன் முன்மொழிந்தார். 1987-இல் உயர் வெப்பநிலை மீக்கடத்திகள் உலகையே பரபரப்பில் ஆழ்த்தியபோது அந்தக் கருத்தைக் கணிதக் கோட்பாடாக்கியவர்களில் முன்னணியில் நின்றவர், பிரின்ஸ்டனில் ஆண்டர்சனோடு பணியாற்றிய தமிழ்நாட்டு இயற்பியலாளர் ஜி. பாஸ்கரன். எனினும் அந்நாளில் இருந்தவை தோராயக் கணக்குகளே. ஐயத்திற்கு இடமின்றித் தீர்க்கக்கூடிய மாதிரி ஒன்று கையில் இல்லை. அந்தக் குறையை 2006-இல் அலெக்ஸி கிதாயெவ் வெளியிட்ட கட்டுரை போக்கியது.

கிதாயெவ் மாதிரியில் தற்சுழற்சிகள் தேன்கூட்டின் அறுகோண வலையில் அமர்ந்துள்ளன. ஒவ்வொன்றுக்கும் மூன்று அண்டைகள். ஒரு அண்டையோடு எக்ஸ் அச்சில் மட்டும், இன்னொன்றோடு ஒய் அச்சில் மட்டும், மூன்றாவதோடு இசட் அச்சில் மட்டும் அது பிணைந்துள்ளது. மூன்றும் மூன்று வெவ்வேறு திசைகளில் இழுப்பதால் எந்தத் தற்சுழற்சிக்கும் ஒரு நிலையான திசை அமைய வழியில்லை. ஒவ்வொரு தற்சுழற்சியையும் நான்கு மயோரனாத் துகள்களாகப் பிரித்து எழுதினால், கணக்கு வியக்கத்தக்க வகையில் எளிதாகிவிடுகிறது என்று கிதாயெவ் கண்டார். தனக்குத் தானே எதிர்த்துகளாக இருக்கும் இத்தகைய துகளை 1937-இல் எத்தோரே மயோரனா கணிதத்தில் கற்பனை செய்திருந்தார். நான்கில் மூன்று, பிணைப்புகளோடு ஒட்டிக்கொண்டு, ஒவ்வொரு அறுகோணத்தின் ஊடாகவும் காந்தப் பாய்வைப் போன்ற, அசையாத ஒரு பாயமாக மாறிவிடுகின்றன. நான்காவது மட்டும் வலையெங்கும் தடையின்றி ஓடித் திரிகிறது.

அடிநிலையும் துகள்களும் இவ்வாறு தெரிந்துவிட்டாலும், வெளியிலிருந்து ஒரு தற்சுழற்சியைத் தொட்டால் என்ன நிகழும் என்ற கேள்விக்கு நேரடி விடை கிடைத்திருக்கவில்லை. நியூட்ரான் தொடுவது மயோரனாத் துகளை அன்று, முழுத் தற்சுழற்சியை. தரமணியில் பாஸ்கரன், சப்தர்ஷி மண்டல், ஆர். சங்கர் ஆகிய மூவரும் 2007-இல் ஃபிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ் ஆய்விதழில் வெளியிட்ட கட்டுரை இந்த இடைவெளியைத்தான் நிரப்பியது. ஒரு பிணைப்பின் இரு முனைகளிலும் ஒட்டியிருக்கும் மயோரனாத் துகள்கள் இரண்டையும் சேர்த்து ஒரு சாதாரணத் துகளாக எழுதும் எளிய உத்தியை அவர்கள் கையாண்டனர். அவ்வாறு எழுதியதும், ஒரு தற்சுழற்சியைத் திருப்புவது என்பது அதன் இரு பக்க அறுகோணங்களில் ஒரு பாய இணையை உண்டாக்கி, கூடவே ஓடும் மயோரனாத் துகள் ஒன்றை விடுவிப்பதே என்பது வெளிப்பட்டது. பாயங்கள் தோன்றிய இடத்திலேயே அசையாமல் நிற்கும். மயோரனாத் துகள் விலகிச் சென்றுவிடும். ஒன்றாகத் தொடப்பட்ட தற்சுழற்சி மூன்று கூறுகளாகச் சிதறுவதை எவ்விதத் தோராயமும் இன்றிக் கணக்கிட்டுக் காட்டியதே இக்கட்டுரையின் சிறப்பு.

அதிலிருந்து விளையும் முடிவுகள் மேலும் வியப்பானவை. அசையாத பாயங்களை உண்டாக்கியவரே அழிக்கவும் வேண்டும் என்பதால், ஒரு தற்சுழற்சிக்கும் அதன் நேர் அண்டைக்கும் அப்பால் எந்த இரு தற்சுழற்சிகளுக்கும் இடையே தொடர்பு சிறிதும் இல்லை. மிகக் குறைவு என்பதன்று, சரியாகச் சுழியம். வெளிப்பார்வைக்கு இவ்வளவு குறுகிய தொடர்பே உடைய பொருளின் உள்ளே துகள்கள் எல்லையின்றி ஓடிக்கொண்டிருக்கின்றன. இந்த அடித்தளத்தின் மேல் நின்றே 2014-இல் நோல், கொவ்ரிஷின், சாக்கர், மோஸ்னர் ஆகியோர், நியூட்ரான் அளவீட்டில் கிதாயெவ் காந்தம் எப்படித் தோன்றும் என்பதை முழுமையாகக் கணக்கிட்டனர். மயோரனாத் துகள்களை உண்டாக்க எவ்வளவு சிறிய ஆற்றலும் போதும் என்ற நிலையிலும், பாய இணையை உண்டாக்கும் ஆற்றலைச் செலுத்தியே தீர வேண்டும் என்பதால், நியூட்ரானுக்கு ஓர் இடைவெளி தென்படும் என்றும், அதற்கு மேல் அகன்ற பட்டை ஒன்று எழும் என்றும் அக்கணக்கு கூறியது. துகளுக்கு இடைவெளி இல்லாதபோதும் கருவிக்கு இடைவெளி தெரியும் என்ற இந்த முடிவை, தற்சுழற்சி அலை முறையிலிருந்து எவராலும் ஊகித்திருக்க முடியாது.

இத்தகைய அளவீடுகளுக்குக் கல்பாக்கத்தின் உலைகள் ஏற்றவை அல்ல. சோதனை ஈனுலையின் நியூட்ரான்கள் மிகை வேகம் கொண்டவை. தோரியத்திலிருந்து பெறப்பட்ட யுரேனியம்-233 எரிபொருளால் இயங்கும் காமினியின் நியூட்ரான்கள் வேகம் தணிந்தவை என்றாலும், அதன் திறன் 30 கிலோவாட் மட்டுமே என்பதால், பொருள்களை ஊடுருவிப் படமெடுப்பதற்கும் தனிமப் பகுப்பாய்வுக்குமே அது பயன்படுகிறது. மேக்னான்களை அளக்கக்கூடிய நியூட்ரான் கருவிகள் இந்தியாவில் டிராம்பேயின் 100 மெகாவாட் துருவா உலையைச் சுற்றி அமைந்துள்ளன. ஆயினும் காந்த ஆய்வின் மறுபக்கத்தில் கல்பாக்கத்தின் பங்கு குறிப்பிடத்தக்கது: மிக நுண்ணிய காந்தப் புலத்தையும் உணரும் ஸ்குவிட் என்னும் மீக்கடத்திக் கருவிகள் அங்கேயே உருவாக்கப்பட்டு, மூளையும் இதயமும் எழுப்பும் காந்தப் புலத்தை அளக்கவும் பயன்படுத்தப்பட்டுள்ளன. புதிய காந்தப் பொருள் ஒன்று கிடைத்ததும் உலகெங்கும் ஆய்வாளர்கள் முதலில் நாடுவது இவ்வகைக் கருவியையே. குளிர்விக்கக் குளிர்விக்கக் காந்த ஏற்புத் திறன் விரைந்து மறைந்தால் ஆற்றல் இடைவெளி உண்டு என்றும், மறையாமல் நீடித்தால் இல்லை என்றும் அது முதல் துப்பைத் தந்துவிடும்.

ஆல்ஃபா ருத்தேனியம் குளோரைடு என்ற கருநிறப் படிகமே கிதாயெவ் மாதிரிக்கு இன்று மிக நெருங்கிய பொருளாகக் கருதப்படுகிறது. 2016-இல் வெளியான அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தின் நியூட்ரான் அளவீடுகளில், தற்சுழற்சி அலைகளால் விளக்க முடியாத அகன்ற பட்டை ஒன்று காணப்பட்டது. ஆனால் சுமார் 7 கெல்வினுக்குக் கீழே அப்படிகம் வழக்கமான எதிர்ஃபெர்ரோகாந்தமாக ஒழுங்குபட்டுவிடுவதால், கிதாயெவின் பிணைப்புகளைத் தவிர வேறு பிணைப்புகளும் அதில் இருப்பது உறுதி. அவற்றைச் சேர்த்த உடனே பாயங்கள் அசையத் தொடங்கிவிடும்; துல்லியமான தீர்வு கைவிட்டுப்போகும். அந்த நிலையில் காணப்படும் அகன்ற பட்டை மயோரனாத் துகள்களின் அடையாளமா, அல்லது ஒன்றோடொன்று மோதிச் சிதைந்த மேக்னான்களின் அடையாளமா என்பதில் ஆய்வாளர்களிடையே இன்றும் இருவேறு கருத்துகள் நிலவுகின்றன. இதைத் தீர்க்க அடர்த்தி அணி முறையைத் தளங்களுக்கு விரிவாக்கும் புதிய கணினி முறைகள் உருவாகிவருகின்றன. அவற்றை உருவாக்குவோர் தங்கள் நிரலின் நம்பகத்தன்மையைச் சோதிக்கக் கையில் இருக்கும் உரைகற்களுள் ஒன்று, கூடுதல் பிணைப்புகளைச் சுழியமாக்கியதும் தரமணிக் கட்டுரையின் முடிவு கிடைக்கிறதா என்பதே.